யார் முன்னே, யார் பின்னே?

இரண்டு விமான நிறுவனங்களை ஒரே கையெழுத்தில் இணைத்துவிடலாம். அவற்றின் விமானிகளை ஒரே வரிசையில் நிறுத்துவதுதான் கடினம். 2007-ல் இணைந்த ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இதற்குக் கொடுத்த விலை பெரிது.

2012 மே மாதம் முதல் வாரம் முடிந்த கையோடு ஏர் இந்தியா விமானிகளுக்குத் திடீரென்று உடல்நலம் கெட்டுப்போனது. ஒருவர் பின் ஒருவராக 'சிக் லீவ்' சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்ப வேண்டிய விமானங்கள் ரத்தாயின. கோடை விடுமுறைக்கு டிக்கெட் எடுத்திருந்தவர்கள் விமான நிலையங்களில் தவித்தார்கள். வேலை நிறுத்தம் சட்டவிரோதம் என்றது டெல்லி உயர் நீதிமன்றம். நிர்வாகம் விமானிகளை வேலையை விட்டு நீக்க ஆரம்பித்தது. நீக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. விமானிகளின் சங்கமான இந்தியன் பைலட்ஸ் கில்டு அங்கீகாரத்தை இழந்தது. அப்படியும் போராட்டம் 58 நாள் நீடித்தது. ஏற்கனவே கடனில் மூழ்கியிருந்த நிறுவனத்துக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் ரூ. 600 கோடி.

இத்தனைக்கும் அது முதன்மையாகச் சம்பள உயர்வுக்கான போராட்டம் அல்ல. இந்தியாவுக்கு வந்து சேராத ஒரு விமானத்தை யார் ஓட்டுவது என்பதுதான் தகராறு. போயிங் 787 ட்ரீம்லைனர் அந்த வருடம் செப்டம்பரில்தான் டெல்லியில் இறங்கியது. அதை ஓட்டும் பயிற்சியில் பழைய ஏர் இந்தியா விமானிகளுக்கும் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் சரிபாதி இடம் என்றது நிர்வாகம். 'அது எங்கள் நிறுவனம் ஆர்டர் கொடுத்த விமானம். எங்கள் வரிசையில் அவர்களை நுழைக்காதீர்கள்' என்றது கில்டு. இரண்டு நிறுவனங்களும் இணைந்து அப்போது ஐந்து வருடம் ஆகப்போகிறது. காகிதத்தில் 'எங்கள்', 'அவர்கள்' என்ற பேச்சே இருந்திருக்கக் கூடாது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வீண் பிடிவாதமாகத் தெரியும். கை நிறைய சம்பளம் வாங்குபவர்கள் பட்டியலில் நாலு இடம் முன்னே பின்னே போனால் என்ன? விமானிகளின் தொழிலைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

எண்தான் சொத்து

பெரிய விமான நிறுவனங்களில் ஒரு விமானியின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது பணிமூப்புப் பட்டியலில் அவருக்கு இருக்கும் எண். கோ-பைலட் எப்போது கமாண்டர் ஆவார், சிறிய ரக விமானத்திலிருந்து பெரிய ரக விமானத்துக்கு எப்போது மாறுவார், எந்த ஊரில் குடியிருப்பார் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. தீபாவளிக்கு லீவு கிடைப்பதில்கூட அந்த எண்ணுக்குப் பங்கு உண்டு. ஆட்குறைப்பு வந்தால் பட்டியலின் கடைசியில் இருப்பவர்தான் முதலில் வெளியேற வேண்டும்.

மற்ற வேலைகளில் திறமைசாலி ஒருவர் இன்னொரு நிறுவனத்துக்குத் தாவி, இரண்டு படி ஏறி உட்காரலாம். விமானிகள் உலகில் அது அவ்வளவு சுலபமல்ல. பட்டியல் கறாராக நடக்கும் நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவர், எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்தவராக இருந்தாலும், கடைசி ஆளாகத்தான் நிற்க வேண்டும். இருபது வருடத்தில் சேர்த்த மூப்பைப் பெட்டியில் போட்டு எடுத்துச் செல்ல முடியாது. சேமிப்பு முழுவதையும் மாற்ற முடியாத ஒரே வங்கியில் போட்டுவைத்திருப்பதைப் போன்றது அது.

வயது இன்னொரு கெடு. வர்த்தக விமானம் ஓட்ட இந்தியாவில் உச்ச வயது 65. ஏர் இந்தியாவில் நெடுங்காலம் 58 வயதில் ஓய்வு. கமாண்டர் பதவி ஐந்து வருடம் தள்ளிப்போனால், கமாண்டராக வாங்கியிருக்க வேண்டிய சம்பளத்தில் ஐந்து வருடம் போய்விட்டது என்று அர்த்தம். பெரிய ரக விமானத்துக்கு மாறுவதும் அதற்கேற்பத் தள்ளிப்போகும். இதைப் பிற்பாடு ஈடுகட்ட வழியில்லை. அதனால்தான் சம்பள உயர்வில் விட்டுக்கொடுக்கும் விமானிகள் பட்டியலில் ஓர் இடத்தைக்கூட விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள்.

இரண்டு வீடு, இரண்டு வழக்கம்

ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 1953-ல் ஒரே சட்டத்தில் பிறந்தவை. விமானப் போக்குவரத்தை நாட்டுடைமையாக்கிய நேரு அரசு, எட்டு நிறுவனங்களைச் சேர்த்து உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் என்றும், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனல் என்றும் இரண்டாகப் பிரித்தது. அடுத்த அரை நூற்றாண்டில் இரண்டும் வெவ்வேறு குணத்தோடு வளர்ந்தன.

ஏர் இந்தியாவிடம் ஜம்போ 747, 777 போன்ற பெரிய ரக விமானங்கள். பயணம் நீண்டது, விமானங்களின் எண்ணிக்கை குறைவு. விமானங்கள் குறைவு என்றால் கமாண்டர் நாற்காலிகளும் குறைவு. கோ-பைலட்டாகச் சேர்ந்தவர் வெகுகாலம் வலதுபக்க இருக்கையிலேயே காத்திருக்க வேண்டும். இந்தியன் ஏர்லைன்ஸின் முதுகெலும்பு ஏர்பஸ் 320. ஒரே நாளில் சென்னை, ஹைதராபாத், டெல்லி என்று மூன்று நான்கு முறை ஏறி இறங்கும் வேலை. அங்கே கமாண்டர் பதவி சீக்கிரம் வந்துவிடும். ஆனால் ஜம்போவோ நியூயார்க்கோ கனவில்தான்.

ஆக, ஒரே வருடத்தில் விமானியான இரண்டு நண்பர்களில் ஒருவர் மும்பையில் ஏர் இந்தியாவின் கோ-பைலட்டாகவே இருக்க, இன்னொருவர் இந்தியன் ஏர்லைன்ஸில் நான்கு தங்கப் பட்டை அணிந்த கமாண்டராகிவிட முடியும். இவர்களில் யார் சீனியர்? தனித்தனி நிறுவனங்களாக இருந்தவரை இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை.

2006-ல் இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாகவே புதிய விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தன. ஏர் இந்தியாவுக்கு போயிங்கிடமிருந்து 68. அதில் 27 ட்ரீம்லைனர்கள். இந்தியன் ஏர்லைன்ஸுக்கு ஏர்பஸ்ஸிடமிருந்து 43. மொத்தம் 111. காத்திருந்து சலித்த ஏர் இந்தியா கோ-பைலட்டுகளுக்கு 68 என்ற எண்ணிக்கை தங்களுக்கான பதவி உயர்வு உத்தரவாகவே தெரிந்தது.

மறுவருடமே காட்சி மாறியது. விமானப் போக்குவரத்து அமைச்சராக பிரபுல் படேல் இருந்தபோது, 2007 மார்ச்சில் மத்திய அமைச்சரவை இணைப்புக்கு ஒப்புதல் தந்தது. ஆகஸ்ட் 27-ல் நேஷனல் ஏவியேஷன் கம்பெனி ஆஃப் இந்தியா என்ற புதிய நிறுவனம் இரண்டையும் விழுங்கியது. ஏர் இந்தியா என்ற பெயர் நீடிக்க, இந்தியன் ஏர்லைன்ஸ் மறைந்தது. செலவு குறையும், விமானங்களைப் பகிர்ந்துகொள்ளலாம், தனியார் போட்டியைச் சமாளிக்கலாம் என்றெல்லாம் கணக்குக் காட்டப்பட்டது. 30,000-க்கும் அதிகமான ஊழியர்களை எப்படி ஒரே பட்டியலில் அடுக்குவது என்ற கணக்கு மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது.

அந்த 'பிறகு' சீக்கிரம் வரவில்லை. இந்தியன் ஏர்லைன்ஸின் 'ஐசி' குறியீடு மறைந்து எல்லா விமானங்களும் 'ஏஐ' என்று பறக்கவே 2011 பிப்ரவரி ஆகிவிட்டது. விமானிகளோ தங்கள் பழைய சங்கங்களிலேயே இருந்தார்கள். ஏர் இந்தியாக்காரர்களுக்குக் கில்டு. இந்தியன் ஏர்லைன்ஸ்காரர்களுக்கு இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன். சம்பள முறைகூட இரண்டாகவே நீடித்தது.

முதலில் வெடித்தது இந்தியன் ஏர்லைன்ஸ் தரப்பு. 2011 ஏப்ரல் இறுதியில் சுமார் 800 விமானிகள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரே நிறுவனம் என்றால் ஒரே சம்பளம் வேண்டும் என்பது கோரிக்கை. மாதத்தில் எத்தனை மணி நேரம் பறந்தாலும் குறிப்பிட்ட மணி நேரத்துக்கான படி உறுதியாக வேண்டும் என்றும் கேட்டார்கள். பத்து நாள் உள்நாட்டுச் சேவை தள்ளாடியது. மே 6-ல் சமரசம் ஏற்பட்டது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் குழு அமைக்கப்பட்டு சம்பளம், பதவிப் படிநிலை, பணிமூப்பு எல்லாம் அதன் தலையில் கட்டப்பட்டன. 2012 ஜனவரியில் குழு அறிக்கை தந்தது.

அறிக்கையின் மை காய்வதற்குள் மறுதரப்பு வெடித்தது. அதுதான் அந்த 58 நாள் போராட்டம். 2011-ல் 'நாம் ஒரே நிறுவனம்' என்று ஒரு தரப்பு வேலையை நிறுத்தியது. 2012-ல் 'நாம் இன்னும் ஒன்றாகவில்லை' என்று மறுதரப்பு நிறுத்தியது. இரண்டு தரப்புக்கும் நியாயம் இருந்ததுதான் சிக்கல். விமானம் நிறுவனத்துக்குச் சொந்தம், எந்தச் சங்கத்துக்கும் அல்ல என்று இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சொன்னதில் தவறில்லை. வருடக்கணக்கில் காத்திருந்து, நெருங்கிவந்த நாற்காலியில் பாதி இன்னொருவருக்குப் போவதை ஏர் இந்தியா கோ-பைலட் சகிக்க முடியாததிலும் வியப்பில்லை. ஜூலை முதல் வாரத்தில், வேலைக்குத் திரும்புவதாக உயர் நீதிமன்றத்தில் உறுதிகொடுத்து விமானிகள் போராட்டத்தை முடித்துக்கொண்டார்கள். போராட்டம் முடிந்தது, 'எங்கள்', 'அவர்கள்' முடியவில்லை.

மூன்று வழி, மூன்று வலி

இரண்டு பட்டியல்களை இணைக்க உலகமெங்கும் அடிப்படையில் மூன்று வழிகள் உண்டு. வேலையில் சேர்ந்த தேதிப்படி அடுக்குவது ஒன்று. ஒவ்வொருவரும் தன் பழைய பட்டியலில் எந்த விகிதத்தில் இருந்தாரோ அதே விகிதத்தில் புதிய பட்டியலிலும் வைப்பது இன்னொன்று. கமாண்டர்களைக் கமாண்டர்களோடும் கோ-பைலட்டுகளைக் கோ-பைலட்டுகளோடும், பெரிய ரக விமானக்காரர்களை அதே ரகத்தாரோடும் சேர்ப்பது மூன்றாவது.

காகிதத்தில் மூன்றும் நியாயமானவை. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பழைய நிறுவனம் ஒன்றில் 600 விமானிகள். புதிய நிறுவனம் ஒன்றில் 400 பேர். பழையதில் இருப்பவர்களில் முதல் 400 பேர், புதிய நிறுவனம் பிறப்பதற்கு முன்பே வேலைக்கு வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

தேதிப்படி அடுக்கினால், புதிய நிறுவனத்தில் நேற்றுவரை முதலிடத்தில் இருந்தவர் இன்று காலை 401-வது ஆள். அவருடைய நிறுவனம் லாபத்தில் ஓடியிருக்கலாம். பழைய நிறுவனத்தைக் காப்பாற்றியதே அதுவாகவும் இருக்கலாம். அதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது.

விகிதப்படி அடுக்கினால், மூன்று பழையவர்களுக்கு இரண்டு புதியவர்கள் என்று வரிசை போகும். புதிய நிறுவனத்தின் முதல் ஆளுக்குச் சந்தோஷம். ஆனால் பழைய நிறுவனத்தின் 400-வது ஆள் இப்போது 666-வது இடத்துக்கு அருகில் போய்விடுகிறார். அவருக்கு முன்னே புதிதாக நிற்கும் 266 பேரும் அவருக்குப் பின்னால் இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள்.

பதவிப்படி அடுக்கினால், பதவி உயர்வு மெதுவாகக் கிடைத்த நிறுவனத்தின் அனுபவசாலி கோ-பைலட், வேகமாகக் கிடைத்த நிறுவனத்தின் இளம் கமாண்டருக்குப் பின்னால் நிரந்தரமாக நிற்க வேண்டும். ஏர் இந்தியா கோ-பைலட்டுகளின் பயம் இதுதான்.

எந்த வாய்ப்பாட்டைப் பிடித்தாலும் ஒரு கூட்டத்தின் பணிக்காலத்தில் சில வருடங்களை எடுத்து இன்னொரு கூட்டத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே நடைமுறையில் மூன்றையும் கலந்து, மேலே ஒரு வேலியும் போடுவார்கள். குறிப்பிட்ட விமானங்களோ தளங்களோ சில வருடங்களுக்கு ஒரு தரப்புக்கே உரியவை என்பது அந்த வேலி. 'ட்ரீம்லைனர் எங்களுக்கே' என்று கில்டு கேட்டதும் ஒரு வகையில் இந்த வேலியைத்தான். அதை இணைப்புக்கு முன்பு பேரம் பேசிப் பெற்றிருந்தால் ஒப்பந்தமாகியிருக்கும். ஐந்து வருடம் கழித்துக் கேட்டதால் அடாவடி ஆகிவிட்டது.

அமெரிக்கா கற்ற பாடம்

இந்த நோய்க்கு இந்தியா மட்டும் விலக்கா என்ன? விமான நிறுவன இணைப்புகளில் அதிக அனுபவமுள்ள அமெரிக்கா இன்னும் மோசமாகச் சூடுபட்டிருக்கிறது. 2001-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், நொடித்துப்போன டிடபிள்யூஏ நிறுவனத்தை வாங்கியது. டிடபிள்யூஏ விமானிகளில் ஏராளமானோர், பல வருட சர்வீஸ் உள்ளவர்கள் உட்பட, அமெரிக்கனின் பட்டியலுக்குக் கீழே அப்படியே பின் குத்திச் சேர்க்கப்பட்டார்கள். சில மாதங்களில் செப்டம்பர் 11 தாக்குதல். விமானத் தொழில் படுத்தது, ஆட்குறைப்பு வந்தது. கடைசியில் இருந்தவர்கள் முதலில் வெளியேறினார்கள்.

டிடபிள்யூஏவின் தலைமையிடம் இருந்த மிசௌரி மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், எதிரெதிர்க் கட்சிக்காரர்களான மெக்காஸ்கிலும் பாண்டும், சேர்ந்து முயன்றதில் 2007-ல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. விமான நிறுவனங்கள் இணைந்தால் பணிமூப்புப் பட்டியல்களை நியாயமாகவும் சமமாகவும் இணைக்க வேண்டும், உடன்பாடு ஏற்படாவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்பது அதன் சாரம்.

நடுவர் வந்தால் எல்லாம் சுபம் என்றும் சொல்லிவிட முடியாது. 2005-ல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தன. முன்னது பழையது, திவாலாகி எழுந்தது, பின்னது இளையது. 2007-ல் தீர்ப்புச் சொன்ன நடுவர், யுஎஸ் ஏர்வேஸில் ஆட்குறைப்பில் வெளியே நின்ற விமானிகளை, வருடக்கணக்கில் சர்வீஸ் இருந்தும், அமெரிக்கா வெஸ்ட்டில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் கீழே வைத்தார். இணைப்பு நடந்த நாளில் ஒருவருக்கு வேலை இருந்தது, மற்றவருக்கு இல்லை என்பது அவர் வாதம். எண்ணிக்கையில் அதிகமாக இருந்த யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் கொதித்தெழுந்தார்கள். 2008-ல் வாக்கெடுப்பு நடத்தித் தங்கள் பழைய சங்கத்தையே தூக்கியெறிந்து புதுச் சங்கம் கண்டார்கள். அந்தத் தீர்ப்பின்படி பட்டியல் நடைமுறைக்கு வரவே இல்லை. ஒரே பெயரில் பறந்த நிறுவனத்துக்குள் இரண்டு விமானிக் கூட்டங்கள் தனித்தனியாக வேலை செய்தன. 2013-ல் அந்த நிறுவனமே அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணைந்தது. எல்லோருக்குமான பட்டியல் 2016-ல்தான் முடிவானது. 2005-ல் தொடங்கியது தீரப் பதினோரு வருடம்.

சட்டம் சொல்லாதது

இந்தியாவில் விமானிகளுக்கென்று அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஏர் இந்தியா இணைப்பின்போது நடைமுறையில் இருந்த 1947-ம் வருட தொழில் தகராறு சட்டம், ஒரு நிறுவனம் கைமாறும்போது தொழிலாளியின் பணித்தொடர்ச்சி அறுபடக் கூடாது, பணி நிபந்தனைகள் முன்பைவிட மோசமாகக் கூடாது என்ற அளவில் பாதுகாப்புத் தந்தது. புதிய பட்டியலில் அவர் எத்தனையாவது இடத்தில் நிற்பார் என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

ஆனால் பட்டியல்களை இணைக்கும் வேலை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் உருவானபோது, ஐந்து நிர்வாகங்களிலிருந்து வந்த அரசு ஊழியர்களை மைசூர் மாநிலம் ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. பழைய மைசூர், பம்பாய், ஹைதராபாத், சென்னை, குடகு என்று ஒவ்வொரு ஊரின் தாசில்தாருக்கும் ஒவ்வொரு சம்பளம், ஒவ்வொரு அதிகாரம். முன்னதாகவே தலைமைச் செயலாளர்கள் கூடி நான்கு அளவுகோல்களை வகுத்தார்கள்: வேலையின் தன்மையும் கடமைகளும், பொறுப்பும் அதிகாரமும், தேவையான கல்வித் தகுதி, சம்பளம். முறையீடுகளைக் கேட்க ஆலோசனைக் குழுக்கள் வைக்கச் சட்டத்திலேயே வழி செய்யப்பட்டது. அப்படியும் வழக்குகள் பல வருடங்கள் நீதிமன்றப் படி ஏறின. ஆனால் நீதிபதிகள் கையில் வைத்து அளக்க ஒரு கோலாவது இருந்தது. அரை நூற்றாண்டு கழித்து இரண்டு விமான நிறுவனங்களை இணைத்த அரசுக்கு அந்த அனுபவம் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

தனியார் நிறுவனங்கள் சில சமயம் குறுக்குவழி தேடின. 2007-ல் ரூ. 1,450 கோடி கொடுத்து ஏர் சஹாராவை வாங்கிய ஜெட் ஏர்வேஸ், அதைத் தனக்குள் கரைக்காமல் ஜெட்லைட் என்ற தனி நிறுவனமாகவே ஓட்டியது. பட்டியல்களை இணைக்காவிட்டால் தகராறும் இல்லை. ஆனால் இணைப்பால் கிடைக்க வேண்டிய லாபமும் முழுதாகக் கிடைக்காது. ஒரு விமானத்துக்கு ஆள் தேவைப்படும்போது பக்கத்து நிறுவனத்தின் விமானியை எடுத்து உட்காரவைக்க முடியாது.

டாடாவின் முறை

2022 ஜனவரி 27-ல் ஏர் இந்தியா டாடா குழுமத்திடம் திரும்பி வந்தது. விலை ரூ. 18,000 கோடி. டாடாவிடம் ஏற்கனவே சிங்கப்பூர் ஏர்லைன்ஸோடு சேர்ந்து நடத்திய விஸ்தாராவும், ஏர்ஏஷியா இந்தியாவும் இருந்தன. ஏர் இந்தியாவோடு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் வந்தது. நான்கை இரண்டாக்குவது திட்டம். ஏர்ஏஷியா இந்தியாவாக இருந்தது 2024 அக்டோபர் 1-ல் எக்ஸ்பிரஸோடு இணைந்தது. விஸ்தாரா நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவில் கலந்தது.

2007-ஐப் போலன்றி, இம்முறை அவகாசம் இருந்தது. விஸ்தாரா இணைப்பு அறிவிக்கப்பட்டது 2022 நவம்பரில். நிறைவேறியது இரண்டு வருடம் கழித்து. இணையும் நாளுக்கு முன்பே பணி நிபந்தனைகளை ஒன்றாக்க நிர்வாகம் முயன்றது. அந்த அளவில் பழைய பாடம் பலித்தது. ஆனால் வலி இல்லாமல் போகவில்லை. விஸ்தாரா விமானிகளுக்கு மாதம் 70 மணி நேரத்துக்கான ஊதியம் உறுதியாக இருந்தது; புதிய ஒப்பந்தத்தில் அது 40 மணி நேரமானது. 2024 மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் விமானிகள் பலர் ஒரே நேரத்தில் விடுப்பில் போக, நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. பயணிகளிடம் நல்ல பெயரெடுத்திருந்த விஸ்தாரா தன் சேவைகளில் சுமார் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டது.

பணிமூப்பைப் பொறுத்தவரை பழைய கேள்விதான் புதிய உடையில் வந்தது. விஸ்தாரா 2015 ஜனவரியில் பறக்க ஆரம்பித்த நிறுவனம். அதன் மிக மூத்த விமானிக்கும் அங்கே பத்து வருட சர்வீஸ்கூட இல்லை. வேறு நிறுவனங்களில் அனுபவம் பெற்று வந்தவர்களுக்கு அந்த அனுபவம் கணக்கில் வருமா? அரசுக் காலத்தில் சேர்ந்து, நலிந்த நிறுவனத்தில் பதவி உயர்வின்றிக் காத்திருந்தவருக்கு அந்தக் காத்திருப்பு கணக்கில் வருமா? கற்பனைக் கணக்கின் 600 பேரும் 400 பேரும் ரத்தமும் சதையுமாக வந்து நிற்கிறார்கள்.

ஓய்வு வயதும் இதில் சேர்ந்துகொண்டது. ஏர் இந்தியாவில் 58. விஸ்தாராவில் அதைவிட அதிகம். ஒரே காக்பிட்டில் அருகருகே உட்காரும் இருவர் வெவ்வேறு வயதில் வீட்டுக்குப் போக வேண்டுமா என்ற குமுறல் எழுந்தது. ஓய்வுபெற்ற விமானிகளில் சிலரை ஏர் இந்தியா ஒப்பந்த அடிப்படையில் வைத்துக்கொண்டிருந்தது; ஆனால் அது சலுகை, உரிமை அல்ல. 2025 ஆகஸ்டில் விமானிகளின் ஓய்வு வயதை 65 ஆக உயர்த்துவதாக நிர்வாகம் அறிவித்தது. மூத்தவர்களுக்கு அது நல்ல செய்தி. வரிசையின் நடுவில் நிற்பவருக்கு அவ்வளவு இனிப்பில்லை. மேலே இருப்பவர் தங்கும் ஒவ்வொரு வருடமும் கீழே இருப்பவர் காத்திருக்கும் ஒரு வருடம்.

இந்தச் சூட்டைத் தணிக்கும் ஒரே தண்ணீர் வளர்ச்சி. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுப்பதாக அறிவித்தது. அவற்றில் 70 பெரிய ரகம். நாற்காலிகள் பெருகினால் யாரும் யாரையும் தள்ள வேண்டியதில்லை. 2012-ல் நடந்தது இதற்கு நேர்மாறு. இணைப்பின்போது பேசப்பட்ட செழிப்பு வரவில்லை, நஷ்டம் ஏறியது, விமானங்கள் தாமதமாயின. இருந்த சோற்றுக்கு இரண்டு பந்தி உட்கார்ந்திருந்தது. ஆனால் வளர்ச்சியை மட்டும் நம்பிப் பட்டியலைத் தள்ளிப்போடுவது ஆபத்து. புதிய விமானங்கள் வருடக்கணக்கில் தாமதமாவது இந்தத் தொழிலில் சகஜம். தொழில் படுக்கும் நாளில் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வியாகும். டிடபிள்யூஏ விமானிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

செய்ய வேண்டியது ரகசியம் அல்ல. எந்த வாய்ப்பாடும் எல்லோருக்கும் இனிக்காது என்பதால், எந்த வாய்ப்பாடு என்பதைவிட அதை யார், எப்போது முடிவு செய்தார்கள் என்பதே முக்கியம். இணைப்பு நாளுக்கு முன்பே விதிகள் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். இரு தரப்பும் தேர்ந்தெடுத்த நடுவர் வேண்டும். வேலி போட்டால் அதற்குக் காலவரையறை வேண்டும். இதெல்லாம் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாக இல்லாமல் சட்டத்தில் இருக்க வேண்டும். 1956-ல் தாசில்தார்களுக்குக் கிடைத்த ஏற்பாடு விமானிகளுக்குக் கிடைக்கக் கூடாதா?

கில்டும் அசோசியேஷனும் இணைப்புக்குப் பிறகு ஒரே குரலில் பேசியது அபூர்வம். 2023 ஏப்ரலில் அது நடந்தது. புதிய சம்பள ஒப்பந்தத்தை எதிர்த்து இரண்டு சங்கங்களும் கைகோத்தன. அப்போதும் அவை இரண்டு சங்கங்களாகவே இருந்தன. ஒன்று பெரிய ரக விமானக்காரர்களுக்கு, மற்றது சிறிய ரகத்தாருக்கு. நிறுவனங்கள் இணைந்து அப்போது பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இடையில் முதலாளியே மாறிவிட்டார்.

விமானிகளின் பட்டியலுக்கு ஆயுசு கெட்டி. 2007-ல் 25 வயதில் கோ-பைலட்டாகச் சேர்ந்த ஒருவர், உடல்நலம் இடம்கொடுத்தால், 2047 வரை பறப்பார். அந்த வருடம் ஆகஸ்டில் அவசரமாக எடுத்த முடிவும், எடுக்காமல் விட்ட முடிவும் அதுவரை அவரோடு காக்பிட்டில் உட்கார்ந்திருக்கும்.